காஸ்டெல்செப்ரியோ சிற்றாலயச் சுவரோவியங்கள்: கண்டெடுப்பும் காலக்கணிப்புச் சிக்கலும்

முன்னுரை

கலை வரலாற்றில் ஓர் ஓவியத்தின் காலத்தை ஐம்பது ஆண்டு முன்பின்னாக மதிப்பிடுவது இயல்பு. ஒரே ஓவியத்தைக் கி.பி. ஆறாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையே நானூறு ஆண்டு இடைவெளியில் அறிஞர்கள் இங்கும் அங்குமாக நகர்த்தியமை அரிது. வட இத்தாலியின் காஸ்டெல்செப்ரியோ என்னும் ஊரருகே காட்டுப்புறத்தில் நிற்கும் ஒரு சிறிய மாதா கோயிலின் சுவரோவியங்களுக்கு அந்நிலை நேர்ந்தது. அவை 1944ஆம் ஆண்டு வெளிப்பட்ட விதத்தையும், அவற்றின் காலம் பற்றி எழுந்த விவாதத்தில் ஒவ்வொரு சான்றும் எதனை நிறுவியது, எதனை நிறுவவில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கோட்டையும் கோயிலும்

காஸ்டெல்செப்ரியோ மிலான் நகருக்கு வடமேற்கே, வரேசே மாவட்டத்தில், ஓலோனா ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிய மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது. உரோமப் பேரரசின் இறுதிக் காலத்தில் இங்கு ஒரு காவற்கோட்டை எழுந்தது. அதன்பின் கோத்தியர், பைசாந்தியர், லொம்பார்டுகள் ஆகியோர் அடுத்தடுத்து அதனைக் கைக்கொண்டனர். 1287இல் மிலானின் விஸ்கோந்தி குலத்தார் கோட்டையைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினர். அங்கு மீண்டும் எவரும் குடியேறலாகாது என ஆணையும் பிறப்பித்தனர். கோயில்கள் மட்டும் இடிக்கப்படாமல் விடப்பட்டன. ஊர் அழிந்தபின் கோயிலுக்கு வருவோர் குறைந்தனர், காடு வளர்ந்தது. அழிக்க வந்தவர்களின் ஆணையே ஓவியங்களைக் காத்தது எனலாம். மக்கள் தொகை பெருகிய ஊராக அது நீடித்திருந்தால் இச்சிறு கட்டடத்தை இடித்துவிட்டுப் பெரியதொன்றை எழுப்பியிருப்பர்.

கோயிலின் பெயர் சாந்தா மரியா ஃபோரிஸ் போர்த்தாஸ். ‘வாயில்களுக்கு வெளியே உள்ள புனித மரியா’ என்பது இதன் பொருள். கோட்டை மதிலுக்கு வெளியே இருந்தமையால் அப்பெயர் பெற்றது. நீள்சதுரமான ஒரு கூடமும், கிழக்கு, வடக்கு, தெற்கு ஆகிய முப்புறமும் அரைவட்டக் கோட்டங்களும் கொண்ட எளிய கற்கட்டடம் இது. வெளித்தோற்றத்தில் நின்று பார்க்கத்தக்க சிறப்பு எதுவும் இல்லை.

ஜான் பியெரோ போன்யெத்தி சட்ட வரலாற்றுப் பேராசிரியர். லொம்பார்டுகளின் ஆட்சியமைப்பையும் சமய வரலாற்றையும் ஆராய்ந்தவர். கலை வரலாறு அவர் துறையன்று. செருமானியப் படைகளின் பிடியில் வட இத்தாலி இருந்த 1944ஆம் ஆண்டின் மே மாதத்தில், கிழக்குக் கோட்டத்துச் சுவரின் பிற்காலப் பூச்சுக்கு அடியில் பழைய வண்ணங்கள் இருப்பதை அவர் கண்டார். மேற்பூச்சை அகற்றியபோது பிரெஸ்கோ எனப்படும் ஈரச் சுண்ணச்சாந்து ஓவியங்கள் வெளிப்பட்டன. புதிய காரை பிடித்து நிற்பதற்காகப் பழைய சுவரைக் கொத்தியிருந்த வடுக்கள் இன்றும் ஓவியம் முழுவதும் வெண்புள்ளிகளாகத் தெரிகின்றன. இக்கண்டெடுப்பைத் தற்செயல் என்பது மரபு. எனினும் லொம்பார்டு வரலாற்றில் செப்ரியோவின் இடத்தை உணர்ந்த ஒருவர் அக்கோயிலின் சுவரைக் கூர்ந்து நோக்கினார் என்பதையும் உடன் சேர்த்தே அச்சொல்லைக் கொள்ள வேண்டும்.

ஓவியங்களின் பொருள்

கிழக்குக் கோட்டத்தின் வளைந்த சுவரில் இரு வரிசைகளாக இயேசுவின் பிறப்பும் குழந்தைப் பருவமும் தீட்டப்பட்டுள்ளன. மங்கள வார்த்தை, எலிசபெத்தைச் சந்தித்தல், மரியாவுக்கு நீர்ச்சோதனை, யோசேப்பின் கனவு, பெத்லகேம் பயணம், இயேசு பிறப்பு, ஞானிகளின் வணக்கம், கோயிலில் ஒப்புக்கொடுத்தல் ஆகியன அக்காட்சிகள். நடுவில் வட்டச் சட்டத்துள் இயேசுவின் மார்பளவுத் திருவுரு உள்ளது. கோட்டத்தைக் கூடத்தினின்று பிரிக்கும் வளைவின் உட்புறத்தில் இரு வானதூதர் வெற்று அரியணையை நோக்கிப் பறந்து வருகின்றனர்.

இவற்றுள் நீர்ச்சோதனை நான்கு நற்செய்தி நூல்களிலும் இல்லாதது. யாக்கோபின் முதல் நற்செய்தி என வழங்கும் பழைய கிரேக்கத் தள்ளுபடி நூலில் வருவது. கருவுற்ற மரியாவின் தூய்மையை ஐயுற்ற குரு அவருக்குச் சோதனை நீரைப் பருகத் தருகிறார். அவருக்குத் தீங்கு நேரவில்லை. பிறப்புக் காட்சியில் கை உலர்ந்த மருத்துவச்சி இடம்பெறுவதும் அந்நூல் வழியினதே. மேலைக் கிறித்தவக் கலையில் நீர்ச்சோதனை மிக அருகியே காணப்படுகிறது.

பிறப்புக் காட்சியில் மருத்துவச்சியின் அருகே ‘எமெயா’ என இலத்தீன் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. இலத்தீனில் அப்படி ஒரு சொல் இல்லை. கிரேக்க மொழியில் மருத்துவச்சியைக் குறிக்கும் பெயரும் அதற்கு முன்வரும் பெண்பால் சுட்டும் ஒட்டிச் சேர்ந்து, இடைக்காலக் கிரேக்கர் ஒலித்த முறையிலேயே இலத்தீன் எழுத்தில் இறங்கியுள்ளன. எழுதியவர் கிரேக்கராக இருக்கலாம். கிரேக்க மூல ஓவியமொன்றைப் பார்த்தெழுதிய இத்தாலியராகவும் இருக்கலாம். ‘பைசாந்திய’ என்னும் அடைமொழியை இவ்வோவியங்களுக்கு வழங்குவோர் ஓவியரின் பிறப்பிடத்தை இதனால் அறிந்துவிட்டதாகக் கொள்ளுதல் பொருந்தாது. மரபு கீழைக் கிரேக்கத்தது என்பது மட்டுமே உறுதி.

அம்மரபு உயர்தரமானது. விரைந்த தூரிகை வீச்சு, வெண்ணிறக் கீற்றுகளால் துணிமடிப்பில் ஒளி காட்டும் முறை, வெளியில் திரும்பி நிற்கும் உடல்கள், மரியாவைச் சுமந்து செல்லும் கழுதையின் உயிர்ப்புள்ள நடை ஆகியன பண்டைய கிரேக்க, உரோம ஓவியத்தை நினைவூட்டுகின்றன. அக்கால மேற்கு ஐரோப்பாவில் எஞ்சிய சுவரோவியங்களுள் இத்தகைய கைத்திறனுக்கு இணை காண்பது கடினம். சிக்கலின் தொடக்கம் இதுவே: இணை இல்லாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டுக் காலம் கணிப்பது?

பாணியை வைத்து நடந்த விவாதம்

போன்யெத்தி, கட்டடக்கலை அறிஞர் ஜீனோ கியெரிச்சி, ஓவியங்களை ஆராய்ந்த ஆல்பெர்த்தோ தெ காபித்தானி தார்சாகோ ஆகிய மூவரும் 1948இல் கூட்டாக ஒரு பெருநூல் வெளியிட்டனர். போன்யெத்தியின் கருத்து ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்தது. லொம்பார்டுகள் இத்தாலிக்கு வந்தபோது அவர்களுள் ஆரியுசின் கொள்கையினர் பலர். இயேசு தந்தையாகிய இறைவனுக்கு நிகரானவர் என்பதை அக்கொள்கையினர் ஏற்பதில்லை. அவர்களைத் திருச்சபையின் வழிக்குக் கொணரக் கீழ்த்திசைக் குருமார் பணியாற்றினர் என்பது போன்யெத்தியின் விளக்கம். கன்னியிடம் பிறந்தவர் மெய்யான இறைவனே என்று வலியுறுத்தும் இக்காட்சி வரிசை அப்பணிக்குத் துணையாகத் தீட்டப்பட்டது என அவர் கொண்டார். அமெரிக்கரான சார்லஸ் ரூஃபஸ் மோரியும் முற்பட்ட காலத்தையே ஆதரித்தார்.

குர்ட் வைட்ஸ்மான் 1951இல் இதனை மறுத்துத் தனிநூல் எழுதினார். வத்திக்கான் நூலகத்திலுள்ள யோசுவா சுருளும் பாரிசிலுள்ள கிரேக்கத் திருப்பாடல் ஏடும் பத்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் நிகழ்ந்த பழங்கலை மறுமலர்ச்சியின் படைப்புகள். காஸ்டெல்செப்ரியோ ஓவியங்கள் அவற்றை ஒத்துள்ளன. ஆகவே தலைநகரிலிருந்து வந்த ஓவியர் பத்தாம் நூற்றாண்டில் இவற்றைத் தீட்டினார் என்பது அவர் முடிபு. யோசுவா சுருளை அம்மறுமலர்ச்சிக்கு உரியதாக நிறுவும் நூலை அவரே மூன்றாண்டுக்கு முன்னர் வெளியிட்டிருந்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. மேயர் ஷாபிரோ 1952இல் எழுதிய விரிவான மதிப்புரையில் வைட்ஸ்மானின் ஒப்பீடுகளைத் தடைவிடைகளுடன் ஆராய்ந்தார்.

பூசலின் பின்புலம் ஒரு சிற்றாலயத்தைவிடப் பெரியது. ஓவியங்கள் ஏழாம் நூற்றாண்டினவாயின், பண்டைக் கலைமரபு அறுபடாமல் தொடர்ந்து வந்தது என்றாகும். பத்தாம் நூற்றாண்டினவாயின், அறுபட்ட மரபு தலைநகரில் மீட்டெடுக்கப்பட்டது என்றாகும். பைசாந்தியக் கலையின் முழு வரலாறும் இவ்விரு கதைகளுள் ஒன்றையே முதுகெலும்பாகக் கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் தாம் முன்னரே ஏற்றிருந்த கதைக்குரிய சான்றை இச்சுவரில் கண்டனர். தலைநகரில் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளின் திருவுரு எதிர்ப்புக் காலத்தில் ஓவியங்கள் அழிக்கப்பட்டமையால், எக்கதையையும் அங்கிருந்து சரிபார்க்க வழியில்லாது போயிற்று.

கீறல் எழுத்தும் மரத்துண்டும்

ஓவியப் பரப்பின்மேல் யாரோ கூர்முனையால் கீறிய இலத்தீன் எழுத்துகளில் மிலான் பேராயர் ஆர்தெரிக்குசின் பெயர் வருகிறது. அவர் பத்தாம் நூற்றாண்டின் இரண்டாம் காலாண்டில் பதவி வகித்தவர். ஓவியம் இருந்தாலன்றி அதன்மேல் கீற இயலாது. ஆதலின் ஓவியம் அவர் காலத்துக்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது. இது காலத்தின் பின்னெல்லை மட்டுமே. வைட்ஸ்மான் ஓவியத்தின் காலத்தை இவ்வெல்லைக்குச் சற்று முன்னதாக வைத்தார். கீறல் ஓவியம் முடிந்த மறு ஆண்டிலும் எழுதப்பட்டிருக்கலாம், முந்நூறு ஆண்டு கழித்தும் எழுதப்பட்டிருக்கலாம். பின்னெல்லைக்கு அண்மையிலேயே படைப்பும் இருக்கும் என்பது சான்றன்று, ஆய்வாளரின் விருப்பம்.

முன்னெல்லை பற்றிய செய்தி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. கிழக்குக் கோட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட மரத்தின் கரிமம்-14 காலக்கணிப்பைப் பவுலா லெவெட்டோ 1987இல் வெளியிட்டார். விடை ஒன்பதாம் நூற்றாண்டை மையமாகக் கொண்டிருந்தது. முன்னும் பின்னும் பல பதிற்றாண்டுகள் விலகக்கூடியது. 1990இல் அவரே ஓவியங்களின் மரியாவியற் கருத்தை ஆராய்ந்து தனிக்கட்டுரை எழுதினார். ஆறாம், ஏழாம் நூற்றாண்டுக் கொள்கைகள் இதன்பின் வலுவிழந்தன.

ஆயினும் கரிமக் கணிப்பு அளப்பது மரம் வெட்டப்பட்ட காலத்தைக்கூட அன்று; ஆய்வுக்கு எடுத்த வளையங்கள் வளர்ந்த காலத்தையே. அடிமரத்தின் உள்வளையம் வெளிவளையத்தினும் மூத்தது. பழைய கட்டடத்து மரத்தை மீண்டும் பயன்படுத்துவதும் உண்டு. மரம் கட்டுமானத்தின் போதே பொருத்தப்பட்டது என்றும், ஓவியம் சுவரின் முதற்பூச்சிலேயே தீட்டப்பட்டது என்றும் தனித்தனியே நிறுவினால்தான் மரத்தின் காலம் ஓவியத்தை எட்டும். இவ்விரண்டும் வேதியியலால் அல்ல, கட்டடத்தையும் காரை அடுக்கையும் கண்ணால் நோக்கி முடிவுசெய்ய வேண்டியவை. ஒன்பதாம் நூற்றாண்டை ஏற்றாலும் புதியதொரு வினா எழுகிறது. அந்நூற்றாண்டின் முற்பாதியில் கான்ஸ்டாண்டிநோபிள் திருவுருக்களைத் தடை செய்திருந்தது. அங்கிருந்து வெளியேறிய கலைஞர் ஒருவர் இங்கு வந்தாரா, அல்லது இத்தாலியிலேயே நிலைத்திருந்த கிரேக்கப் பட்டறையா என்பதற்குச் சுவரில் விடை இல்லை.

2011இல் யுனெஸ்கோ நிறுவனம் ‘இத்தாலியில் லொம்பார்டுகள்: அதிகார மையங்கள்’ என்னும் தலைப்பில் ஏழு இடத்தொகுதிகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. காஸ்டெல்செப்ரியோ கோட்டையும் மதிலுக்கு வெளியே உள்ள இக்கோயிலும் அவற்றுள் ஒன்று. அத்தலைப்பு 568 முதல் 774 வரையிலான காலத்தைக் குறிக்கிறது. 774 லொம்பார்டு அரசைச் சார்லமேன் வீழ்த்திய ஆண்டு. கோட்டத்து மரத்துண்டு தந்த விடையின் மையம் அதற்கும் பிற்பட்டது.