வீடு துடைக்கவில்லை, விருந்தாளி வரலாமா?

"பக்கத்துலதான் இருக்கோம், வரட்டுமா?" என்று போன் வந்ததும் உங்கள் கண் எங்கே போகிறது? சோபாவில் குவிந்த துணி, டீப்பாய் மேல் தூசி. "இன்னொரு நாள் வாங்களேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

அந்தத் தூசியால் வருகிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமா? ஆஸ்துமா உள்ளவர் என்றால் துடைத்துவிடுங்கள். மற்றபடி, வயிற்றைக் கெடுப்பது டீப்பாய் அல்ல. கழுவாத கை, சுத்தமில்லாத தண்ணீர், வெளியிலேயே கிடந்த சாப்பாடு, இவைதான். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். கோழி வெட்டிய பலகையைக் கழுவாமல் அதில் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். ஹால் பளபளக்கும் பல வீடுகளில் அதுதான் கொழகொழவென்று சிங்க் ஓரம் கிடக்கும்.

"கிருமியைக் கொல்லும்" சோப்புதான் வாங்க வேண்டுமா? வேண்டாம். சாதா சோப்பைவிட அவை மேல் என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்று சொல்லி, ட்ரைக்ளோசான் (கிருமிக்கொல்லி ரசாயனம்) உட்பட 19 பொருள்களைக் கை கழுவும் சோப்புகளில் சேர்க்க 2016-இல் அமெரிக்க அரசு தடை போட்டது. சாதா சோப்பு, இருபது விநாடி, போதும்.

அவசரத்தில் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கக்கூஸ் கழுவும் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சை அடைக்கும் நஞ்சு அது.

இவ்வளவு பதற்றம் எங்கிருந்து வந்தது? வாஷிங் மெஷினும் வாக்குவம் கிளீனரும் வந்தும் அமெரிக்கப் பெண்களின் வேலை குறையவில்லை, சுத்தத்தின் அளவுகோல்தான் உயர்ந்தது என்று வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதினார். நம் வீட்டிலும் அதே கதைதான். மெஷின் இருக்கிறதே என்று போர்வையை அடிக்கடி துவைக்கிறோம். வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாக்கள் உண்டு. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். கறை படாத சோபா, உட்கார முடியாத சோபா. யாருக்காக வாங்கினோம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

குழந்தைகள் மண்ணில் விளையாடலாமா? தாராளமாக. சாப்பிடும் முன் கை கழுவினால் சரி.

அப்படியானால் பத்து நிமிடத்தில் என்னதான் செய்வது? துணியை அள்ளி உள்ளறைக் கட்டிலில் போடுங்கள். கக்கூஸில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வாஷ்பேசின் பக்கம் சோப்பும் காய்ந்த துண்டும் வையுங்கள். குடிக்கத் தண்ணீர், கழுவிய டம்ளர். மாம்பழக் காலமா? முள்கரண்டியைத் தேடாதீர்கள். தரையில் பழைய பேப்பரை விரித்து, கொட்டையை யார் சப்புவது என்று பிள்ளைகளைச் சண்டை போட விடுங்கள். முழங்கை வரை வழியும் சாற்றைப் பிறகு கழுவிக்கொள்ளலாம்.