கணுக்கால் முறிவும் அறுவை மருத்துவமும்

கரும்பிலும் மூங்கிலிலும் இரு பகுதிகள் கூடும் முடிச்சினைக் கணு என்கிறோம். அதுபோலவே காலும் பாதமும் கூடும் முடிச்சுக்குக் கணுக்கால் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். பரடு என்னும் பழஞ்சொல்லும் இவ்வுறுப்புக்கு உண்டு. நம் ஊர்ப் பெரியவர்கள் கரண்டை என்பார்கள். உளூச் செய்யும்போது கரண்டை வரை கழுவவேண்டும் என்று பிள்ளைப் பருவத்திலேயே சொல்லிக் கொடுப்பதால், அச்சொல் நம் இல்லங்களில் இன்றும் உயிரோடு வழங்குகிறது. ஒரு காப்பியத்திற்கே பெயர் தந்த சிலம்பு அமர்ந்த இடமும் இதுதான். கணைக்கால் என்பது வேறு. அது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி. கணைக்கால் இரும்பொறை என்னும் சேரன் பெயரைப் படிக்கும் மாணவர் சிலர் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதுண்டு என்பதால் இதனை ஈண்டுக் கூறநேர்ந்தது.

கணைக்காலில் இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறம் இருப்பது பருத்தது. உடலின் எடையைப் பெரும்பாலும் அதுவே தாங்குகிறது. வெளிப்புறம் இருப்பது மெலிந்தது. இவ்விரண்டின் கீழ்முனைகளும் இருபுறமும் புடைத்து நிற்பதைத்தான் நாம் கையால் தொட்டு உணர்கிறோம். இப்புடைப்புகளுக்கு நடுவே, உள்ளெலும்பின் அடித்தளத்தைக் கூரையாகக் கொண்டு, டேலஸ் என்னும் பாத எலும்பு பொருந்தியிருக்கிறது. தச்சர் மரச்சட்டத்தில் துளை எடுத்து, மற்றொரு சட்டத்தின் நாக்கை அதில் இறுகச் செருகுவதைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். அச்செருகல் சற்றுத் தளர்ந்தாலும் கதவு ஆடத் தொடங்கிவிடும் அல்லவா? கணுக்காலின் நிலையும் அதுவே.

எவ்வளவு தளர்ந்தால் தீங்கு என்பதை இராம்சே, ஆமில்டன் என்னும் மருத்துவர் இருவர் 1976ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். இறந்தோரின் கால்களில் நிகழ்த்திய அவ்வாய்வில், டேலஸ் எலும்பு ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்புறமாக விலகினாலும், மூட்டுப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பளவு சராசரியாக 42 விழுக்காடு குறைந்துவிடுவதைக் கண்டனர். தாங்கும் பரப்புக் குறைய, ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் ஏறும். மூட்டை மூடியுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு தேயும். சில ஆண்டுகளில் மூட்டுவாதம் குடிபுகும். கணுக்கால் முறிவில் மருத்துவர் முதலில் ஆராய்வது எலும்பு முறிந்துள்ளதா என்பதை மட்டுமன்று. முறிந்த பின்னும் மூட்டுத் தன் இடத்தில் உறுதியாக நிற்கிறதா என்பதையே ஆகும். மாவுக்கட்டா, அறுவையா என்னும் வினாவுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. கத்திக்கு அஞ்சி அறுவையை மறுப்பதும், செலவழித்தால் விரைவில் குணமாகும் என்றெண்ணி வேண்டாத அறுவையை நாடுவதும் அவ்வினாவைக் கேளாமையால் நேர்வனவே.

நனைந்த குளியலறைத் தரை, மூடாத பள்ளம், படிக்கட்டின் கடைசிப் படி, இருசக்கர ஊர்தி ஆகியவை இம்முறிவின் வழக்கமான காரணங்கள். பாதம் ஓரிடத்தில் நிற்க, உடல் மறுபுறம் திருகும்போது எலும்பு உடைகிறது. வீங்கிய கணுக்கால் எல்லாம் முறிந்த கணுக்கால் ஆகா, பெரும்பாலானவை சுளுக்கே. இவற்றைப் பிரித்தறியக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் ஓர் எளிய விதியை வகுத்தனர். கணுக்காலில் வலி உள்ள ஒருவருக்கு, இருபுறப் புடைப்புகளின் நுனியிலோ பின்விளிம்பிலோ எலும்பை அழுத்தினால் வலித்தாலும், அடிபட்ட உடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாவிட்டாலும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவர்க்கு இவ்விதி பொருந்தாது. அவர்கள் முறிந்த காலோடு நடந்தே மருத்துவமனைக்கு வந்துவிடுவதுண்டு.

அடிபட்டவுடன் எண்ணெய் தடவி நீவுவது நம் நாட்டில் ஊறிப்போன பழக்கம். முறிந்த இடத்தில் நீவினால் எலும்புமுனை தசையையும் நரம்பையும் கிழிக்கும். வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது இறுகக் கட்டினால் குருதியோட்டம் தடைப்படும். தலையணையையோ கெட்டியான அட்டையையோ காலின் இருபுறமும் வைத்துத் தளர்வாகக் கட்டி, காலை உயர்த்தி வைத்து அழைத்துச் செல்வதே நன்று. பாதம் ஒருபுறமாகத் திரும்பி நின்றாலும், விரல்கள் வெளுத்துக் குளிர்ந்தாலும், தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலும் காலந்தாழ்த்தலாகாது.

எலும்பு முறிவு மருத்துவம் மிகத் தொன்மையானது. குர்துபா நகரையடுத்து வாழ்ந்து கி.பி. 1013 அளவில் மறைந்த அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி தம் பெருநூலின் இறுதிப் பிரிவை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கினார். அதன் மூன்றாம் பகுதி முழுவதும் எலும்பு முறிவும் மூட்டு விலகலும் பற்றியது. இலத்தீனில் பெயர்க்கப்பட்டபின் அந்நூல் ஐரோப்பாவிற்குப் பல நூற்றாண்டுகள் பாடநூலாய் விளங்கியது. எனினும் எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவுகளில் உயிரைக் காக்கக் காலையே வெட்டி நீக்குவதுதான் நெடுங்காலம் வழக்கமாய் இருந்தது.

இதன் தொடர்பில் பெர்சிவல் பாட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவரின் கதை சுவையானது. 1756ஆம் ஆண்டில் இலண்டனின் கெண்ட் சாலையில் அவர் குதிரையிலிருந்து விழுந்தார். கணைக்கால் எலும்பு முறிந்து தோலைத் துளைத்தது. தூக்கிச் செல்ல வந்தவர்களை அவர் நெருங்க விடவில்லை. பல்லக்குத் தூக்கும் இருவரைக் கழிகளோடு வரச்சொல்லி ஆளனுப்பினார். அவர்கள் வரும்வரை குளிர்ந்த தரையிலேயே கிடந்து, அதற்கிடையில் ஒரு கதவை விலைக்கு வாங்கினார்! கதவில் கழிகளை அறைந்து, அதன்மேல் தம்மைக் கிடத்தி, ஆட்டமின்றி இல்லம் சேர்ந்தார். கூடிய மருத்துவர்கள் காலை நீக்குவதென முடிவு செய்து கருவிகளையும் எடுத்துவிட்டனர். அவ்வேளையில் அவருடைய ஆசிரியர் நோர்ஸ் வந்து, இக்காலைக் காக்க முயலலாம் என்றார். கால் பிழைத்தது. பாட் பின்னர் எழுதிய முறிவு பற்றிய நூலில் கணுக்கால் முறிவை விளக்கினார். அம்முறிவு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவருக்கே நேர்ந்தது அம்முறிவுதான் என்று பலர் எழுதுகின்றனர், அது பிழை. அசைக்காமல் கொண்டு செல்லுதல் காலைக் காக்கும் என்பதைத் தரையில் கிடந்தபோதே அறிந்திருந்தார் என்பதே அவரிடம் நாம் வியக்கத்தக்கது.

1852இல் ஆலந்துப் படைமருத்துவர் மாத்தைசன் மாவுக்கட்டுத் துணியை அறிமுகம் செய்தார். 1895இல் இராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டு லாம்போட் தகடும் திருகாணியும் கொண்டு எலும்பை இணைத்தார். 1958இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர்கள் சிலர் ஒன்றுகூடி, முறிந்த துண்டுகளை உரிய இடத்தில் சேர்த்தல், உறுதியாகப் பிணைத்தல், எலும்புக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் காத்தல், விரைவில் மூட்டை அசைத்தல் ஆகிய நெறிகளை வகுத்தனர். இன்று உலகெங்கும் நிகழும் கணுக்கால் அறுவைக்கு அந்நெறிகளே அடிப்படை.

இனி, யாருக்கு அறுவை தேவை? வெளிப்புற எலும்பு மட்டும் மூட்டு மட்டத்திலோ அதற்குக் கீழோ முறிந்து, உட்புறத் தசைநார் அறுபடாமல், டேலஸ் தன்னிடத்தில் நின்றால் பெரும்பாலும் அறுவை வேண்டுவதில்லை. இத்தகைய உறுதியான முறிவுக்கு ஆறு வாரக் கட்டு வழக்கமாயிருந்தது. பின்லாந்தில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, மூன்று வாரக் கட்டு அதற்குக் குறைந்ததன்று எனக் காட்டியது. இருபுறமும் முறிந்தாலோ, மூட்டு விலகினாலோ, இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் மேற்புறத் தசைநார் கிழிந்தாலோ அறுவையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும்.

முதியோர் நிலை தனித்து எண்ணத்தக்கது. அவர்தம் எலும்பு மென்மையானது, திருகாணி நன்கு பிடிப்பதில்லை, தோலும் மெலிந்தது. 60 வயதைக் கடந்த 620 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், உறுதியற்ற முறிவுடையோரில் ஒரு சாராருக்கு அறுவையும், மறுசாராருக்குக் காலின் வடிவோடு ஒட்டி வார்க்கும் மாவுக்கட்டும் அளிக்கப்பட்டன. மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேர்செய்தபின் போடப்படும் கட்டு அது. ஆறு திங்கள் கழித்து இருசாராரின் இயக்கமும் ஒத்திருந்தது. ஆனால் கட்டிட்டவர்களில் சிலருக்கு எலும்பு மீண்டும் விலகிப் பின்னர் அறுவை தேவைப்பட்டது. ஆகவே கட்டை ஏற்கும் முதியவர், மருத்துவர் குறித்த நாளில் மறுபடம் எடுக்கத் தவறலாகாது.

அறுவை முடிவான பின்னும் மருத்துவர் சில நாட்கள் காத்திருக்கச் சொன்னால், அதை அலட்சியம் என்று உறவினர் எண்ணிப் பதறுவர். வீங்கிப் பளபளக்கும் தோலைக் கீறினால் தையல் சேராது. வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் தோன்றும் வரை, ஒரு வாரமோ இரு வாரமோ பொறுத்தல் பாதுகாப்பானது. விலகிய மூட்டை மட்டும் உடனே இடத்தில் அமர்த்திவிடுவர். திறந்த காயமாயின் காத்திராமல் கழுவித் தூய்மை செய்வர். மூட்டின் கூரையே நொறுங்கிவிட்டால் வெளியிலிருந்து கம்பிச் சட்டம் பூட்டி நிறுத்துவதும் உண்டு. சைபீரியாவில் இலிசரோவ் உருவாக்கிய வளையச் சட்டம் இவ்வகையில் பெயர் பெற்றது.

பெரும்பாலும் முதுகுத்தண்டில் மரப்பூசி போட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியை நீக்கி அறுவை செய்கின்றனர். வெளிப்புறம் கீறி, முறிந்த துண்டுகளைப் பொருத்தி, ஒரு திருகாணியால் அவற்றை நெருக்கி, மெல்லிய தகட்டை மேலே பூட்டுவர். உட்புறப் புடைப்புக்கு இரு திருகாணிகளோ கம்பிக்கட்டோ போதும். பின்னர்ப் பாதத்தைத் திருப்பி, எக்ஸ்-கதிர்த் திரையில் இரண்டு எலும்புகளும் விலகுகின்றனவா என்று பார்ப்பர். விலகினால் இரண்டையும் இணைத்து நீண்ட திருகாணியோ, இருமுனையிலும் பொத்தான் கொண்ட வலிய நூலோ செலுத்துவர். சீழ்பிடித்தல், தையல் பிரிதல், பாதத்தின் மேற்புறம் மரத்தல், காலில் குருதி உறைதல் ஆகியவை நேரக்கூடிய தீங்குகள். நீரிழிவும் புகைப்பழக்கமும் உள்ளோர்க்கு இவை மிகுதி. அறுவைக்கு நாள் குறித்தபின் புகையை விடுபவர் தம் எலும்புக்குப் பேருதவி செய்கிறார்.

முதல் இரு வாரங்கள் காலை நெஞ்சின் மட்டத்திற்கு மேல் உயர்த்தி வைத்திருத்தலே முதன்மையான மருந்து. அதன்பின் எப்போது ஊன்றலாம்? ஆறு வாரம் தரையில் வைக்கவே கூடாது என்பது பழைய வழக்கு. பிரிட்டனில் நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, இரண்டு வாரத்திலேயே ஊன்றத் தொடங்கியவர்கள் ஆறு வாரம் காத்தவர்களைவிடப் பின்தங்கவில்லை என்று கண்டது. இது எல்லார்க்கும் பொது என்று கொள்ளலாகாது. காலில் உணர்ச்சியற்ற நீரிழிவு நோயாளர் நெடுநாள் ஊன்றாதிருக்க வேண்டும். வலி என்னும் காவலன் அவர்க்கு இல்லை. உணர்வற்ற பாதங்களுக்கு நேரும் கேட்டினை வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய பால் பிராண்ட் ஆழ்ந்து ஆராய்ந்தார்; அவர் கண்டவை நீரிழிவுப் பாதங்களுக்கும் பொருந்தின.

மூட்டு எவ்வளவு மடங்கினால் போதும் என்பது வாழ்முறையைப் பொறுத்தது. நாற்காலியில் அமர்ந்து பழகியவர், படி ஏறி இறங்கினால் நிறைவடைவார். நமக்கோ குந்தி அமரவேண்டும். அதற்குக் கணுக்கால் மேல்நோக்கி நன்கு மடங்கவேண்டும். தொழுகையின் இருப்பில் இடப்பாதத்தைப் படுக்கவைத்து அதன்மேல் அமர்வதற்கு அது கீழ்நோக்கி முழுதும் நீளவேண்டும். இவ்விரு தேவைகளையும் இயன்முறை மருத்துவரிடம் முதல்நாளே சொல்லிவிட்டால் பயிற்சியை அதற்கேற்ப அமைப்பார். துண்டைப் பாதத்தில் மாட்டித் தன்பக்கம் இழுத்தல், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவை படிப்படியே வரும். அதுவரை நாற்காலியில் அமர்ந்து தொழப் பெரியவர்கள் சிலர் கூச்சமடைகின்றனர். இயலாதவர்க்கு உள்ள சலுகையை எடுத்துக்கொள்ளக் கூச்சம் எதற்கு? அவசரப்பட்டுத் தரையில் அமர்ந்து தையல் பிரிந்தால் நாற்காலி நாட்கள்தாம் நீளும்.

வலக்கால் அறுவைக்குப்பின் மகிழுந்தின் தடையை மிதிக்கும் விரைவு ஏறக்குறைய ஒன்பது வாரத்தில்தான் இயல்புக்கு வருகிறது. மாலையில் கால் வீங்குவது பல திங்கள் நீடிக்கலாம். காலையில் வடிந்துவிட்டால் அஞ்சவேண்டியதில்லை. வீக்கத்தோடு கெண்டைக்கால் தசை வலித்துச் சூடானாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

எல்லாம் ஆறியபின் பெரியவர்கள் கேட்கும் வினா ஒன்றுண்டு: “உள்ளே இருக்கும் கம்பியை எடுத்துவிட வேண்டுமா?” பெரும்பாலோர்க்கு வேண்டியதில்லை; அது ஆயுள் முழுதும் உள்ளே இருக்கலாம். கணுக்காலில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே சதை குறைவாதலால், செருப்பின் வாரோ காலுறையோ தகட்டின்மேல் உரசி வலிப்பவர்கள், எலும்பு நன்கு கூடிவிட்டதைப் படத்தில் உறுதி செய்துகொண்டு, ஓராண்டுக்குப் பின் அதனை எடுத்துவிடலாம்.