மூல ஒப்பந்தம் எப்போது முடிவுறுகிறது? இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 62 குறித்த விளக்கம்

தரப்பினர் தமது ஒப்பந்தத்திற்குப் பதிலாகப் புதியதொன்றைச் செய்துகொண்டாலும், அதனை நீக்கினாலும், திருத்தினாலும் மூல ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டியதில்லை என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவு. மூன்றிற்கும் விளைவு ஒன்றே எனத் தோன்றும். ஆனால் கடப்பாடுகளின் நிலை வேறுபடுகிறது. நீக்கத்தில் அவை அற்றுப்போகின்றன. பதிலீட்டில் பழையவை அற்றுப் புதியவை தோன்றுகின்றன. திருத்தத்தில் மாற்றப்படாத கூறுகள் தரப்பினரைத் தொடர்ந்து கட்டுப்படுத்துகின்றன.

இரண்டாவது ஆவணத்தில் கையொப்பமிட்டவுடன் முதலாவது முடிவுற்றதெனக் கொள்வது பொதுவழக்கு. லதா கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கு இதனை மறுக்கிறது. அடுக்ககக் குடியிருப்பு ஒன்றை வழங்குவதாக 1987இல் உடன்பட்ட கட்டுமான நிறுவனம், 1991இல் அதற்கு ஈடாக ரூ.9,51,000 தருவதாக மற்றோர் உடன்படிக்கை செய்தது; முழுத்தொகையையும் செலுத்தவில்லை. பழைய உடன்படிக்கை பதிலீட்டால் முடிவுற்றது என்னும் நிறுவனத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. முழுத்தொகையும் கிடைத்த பின்னரே பழைய உரிமை கைவிடப்படும் என இரண்டாம் உடன்படிக்கை கூறியிருந்தமையே காரணம். பழைய உரிமை உயிருடன் இருக்கும்வரை பதிலீடு முழுமையுறாது. அந்த ஒரு நிபந்தனை இல்லாதிருந்தால், வாங்கியவர் குடியிருப்புக்கான உரிமையை இழந்து, வராத தொகைக்கு மட்டும் உரியவராக நின்றிருக்கக்கூடும்.

பதிலீடு முழுமையுற்றால் விளைவு கடுமையானது. மூல ஒப்பந்தத்திலிருந்த நடுவர் தீர்ப்புக் கூறும் அதனுடனேயே அழிகிறது என 1959இல் கிஷோரிலால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இசைவின்றிப் பதிலீடு இல்லை. கடனாளி தன் கடனை வேறொருவர் கணக்கிற்கு மாற்றுமாறு பணித்தாலும், கடன் கொடுத்தவர் இசையாதவரை அவருக்குப் பழைய கடனாளியே பொறுப்பு. பிரிவின் மூன்றாம் எடுத்துக்காட்டு காட்டுவதும் இதனையே.

திருத்தம் சிறிதாயினும் பிணையாளர் நிலை தனித்தது. ஆய்வுகளில் இவருக்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. பிரிவு 133இன்படி, அவரது இசைவின்றி ஒப்பந்தம் மாற்றப்பட்டால், அதற்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு அவர் பொறுப்பாகார். வங்கி மேலாளர் ஒருவரின் நடத்தைக்கு ஒருவர் பிணை நின்றபின், அவருக்குத் தெரியாமல் மேலாளரின் ஊதியம் உயர்த்தப்பட்டு, மிகைப்பற்று இழப்பில் நான்கில் ஒரு பங்கும் மேலாளர் மீது சுமத்தப்படுவதைச் சட்டமே எடுத்துக்காட்டாகத் தருகிறது. பின்னர் அத்தகைய இழப்பு நேர்ந்தால் வங்கி பிணையாளரிடம் செல்ல இயலாது.