கூண்டை விட்டு வந்த சிறு நாய்



தோட்டத்திலே நாய் என்பது நமக்குப் புதிதல்ல. மீந்த சோற்றையும் மீன் தலையையும் போட்டால் வாசலிலே கிடக்கும். இரவில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் குரைக்கும். நாம் அறிந்த நாய் வளர்ப்பு பெரும்பாலும் இவ்வளவுதான். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறு வகை நாயைப் பற்றி. பணத்துக்காகக் கூண்டிலே அடைத்துக் குட்டி போட வைக்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட சிறிய ஜாதி நாய் அது. அதைச் சில காலம் நம் வீட்டில் வைத்துத் தேற்றுவது எப்படி, நிரந்தரமாக ஏற்றுக்கொள்வதென்றால் எதை யோசிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

பட்டணத்துக் கடையிலே கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சுப் பொதிபோல ஒரு குட்டி துள்ளுகிறது. பிள்ளைகள் "வாங்கிக் கொடுங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். குட்டியைப் பார்க்கிறோம், விலையைக் கேட்கிறோம். அதன் தாய் எங்கே என்று கேட்கிறோமா?

சில தாய் நாய்கள் இருக்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'பப்பி மில்' என்கிறார்கள். நாய்க்குட்டி ஆலை என்று நாம் சொல்லலாம். செம்பனை ஆலைக்குள் குலை போகிறது, எண்ணெய் வெளியே வருகிறது. அந்த ஆலையிலோ தாய் நாய்தான் இயந்திரம். பெண் நாய் ஏறத்தாழ ஆறு ஏழு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். உடம்பு தேற இடைவெளி கொடுக்காமல் ஒவ்வொரு பருவத்திலும் சினைப்படுத்துகிறார்கள். குட்டிகள் விலைக்குப் போகின்றன. தாய் கூண்டிலேயே கிடக்கிறது. வயதாகிக் குட்டி குறைந்தால் அதற்கு அங்கே இடமில்லை.

சட்டப்படி நடக்கும் இடத்தில்கூட நிலைமை மகிழ்ச்சி தருவதாக இல்லை. அமெரிக்காவில் விலங்கு நலச் சட்டம் 1966-இல் வந்தது. அதன் விதிகளின்படி, நாயின் மூக்கிலிருந்து வாலடி வரை அளந்து, அந்த அளவோடு 6 அங்குலம் கூட்டி, அதை அதனாலேயே பெருக்கினால் கூண்டுத் தரையின் குறைந்தபட்சப் பரப்பு கிடைத்துவிடும். உயரம் தலைக்கு மேல் 6 அங்குலம். அந்த இடத்துக்குள்ளே ஆண்டுக்கணக்கில் ஓர் உயிர் எப்படி வாழும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிரிட்டனில் நடந்த ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2013-ஆம் ஆண்டு வேல்ஸ் பகுதியில் இருந்த இப்படிப்பட்ட ஓர் இடத்திலிருந்து ஒரு பெண் நாய் மீட்கப்பட்டது. கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் என்னும் சிறிய ஜாதி. குறுகிய கூண்டிலே கிடந்து கிடந்து அதன் முதுகெலும்பு வளைந்திருந்தது. இடுப்பு மூட்டுகள் இறுகிப் போயிருந்தன. உடம்பிலே முடி உதிர்ந்த திட்டுகள். ஒரு பெண்மணி அதை வீட்டுக்கு அழைத்துச் சென்று லூசி என்று பெயரிட்டு வளர்த்தார். லூசி 2016 டிசம்பரில் இறந்தது. அது வீட்டிலே வாழ்ந்தது மூன்று ஆண்டு சொச்சம்தான். ஆனால் அதன் கதையை முன்வைத்து ஒரு கால்நடை மருத்துவரும் மற்றவர்களும் ஓர் இயக்கத்தை நடத்தினார்கள். 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் 'லூசி சட்டம்' நடப்புக்கு வந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ இடைத்தரகரும் கடைக்காரரும் விற்கக் கூடாது என்பதே அந்தச் சட்டம். வாங்குபவர் வளர்த்தவரிடமே நேரில் போக வேண்டும், அல்லது காப்பகத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. பிராணியைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதிலே இடமுண்டு.

இனி, மீட்கப்பட்ட நாய் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தற்காலிக வளர்ப்பு என்பது ஒன்று. தத்து எடுப்பது மற்றொன்று. தற்காலிக வளர்ப்பில் நாய்க்குப் பொறுப்பு காப்பகத்தினுடையது. நாம் சில வாரமோ சில மாதமோ வைத்துத் தேற்றிக் கொடுக்கிறோம். மருந்துச் செலவு யாருடையது, இரவில் நோய் கண்டால் யாரைக் கூப்பிடுவது என்பதை நாயைக் கையில் வாங்குமுன் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

இந்த நாய் நம் வாசல் நாய் அல்ல. நாய்க்குட்டி உலகத்தைக் கற்றுக்கொள்ளும் காலம் பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை. அந்தக் காலத்தைக் கூண்டில் கழித்த நாய்க்கு மாடிப்படி தெரியாது, புல் தெரியாது, துடைப்பம் தெரியாது. மனிதக் கை என்றாலே பயம். அது மூலையிலே சுருண்டு கிடந்தால், "நன்றிகெட்ட நாய், சோறு போட்டும் கிட்டே வரவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

முதல் வேலை, ஓடிவிடாமல் காப்பது. பயந்த நாய் கதவு இடுக்கிலே நுழைந்து ஓடினால், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. அதற்குப் பெயரே தெரியாதே! ஆகவே வேலி அடைத்த முற்றமானாலும் மார்பு வாரும் கயிறும் இல்லாமல் வெளியே விடக் கூடாது. தீபாவளி வெடி, கோயில் மேளம், இடி மழை ஆகிய நேரங்களில் உள் அறையிலே அடைத்து, பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

இரண்டாவது, அமைதி. வீட்டின் ஒரு மூலையிலே பழைய சாக்கும் துணியும் விரித்து இடம் கொடுங்கள். அதைத் தூக்கவோ முகத்துக்கு நேரே உற்றுப் பார்க்கவோ வேண்டாம். தரையிலே சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, உங்கள் வேலையைப் பாருங்கள். பிள்ளைகள் பாடப் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கலாம். மனிதக் குரல் அடிக்கும் குரல் அல்ல என்று நாய் அறியும். அது தானாக வந்து முகர்ந்து பார்க்கும் நாள் வரும். அதுவரை காத்திருக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள்.

மூன்றாவது, சுத்தம். படுத்த இடத்திலேயே கழித்துப் பழகிய நாய் அது. அடித்தால் பயம்தான் வளரும். காலையில் எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போங்கள். சரியாகச் செய்தால் உடனே ஒரு துண்டு கோழியிறைச்சி கொடுங்கள்.

நான்காவது, உடம்பு. இப்படிப்பட்ட நாய்களுக்குப் பல் நோயும் ஈறு நோயும் அதிகம். காது, தோல், மடி, முழங்கால் எல்லாவற்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தடுப்பூசியும் குடற்புழு மருந்தும், கொசுவால் வரும் இதயப்புழுவுக்குத் தடுப்பு மருந்தும், உண்ணிக்கு மருந்தும் தேவை. கருத்தடை செய்தால் அதன் குட்டி போடும் வேலை அதோடு முடிந்தது. நாய்க்கு உடம்பு சரியில்லை என்று பனடோல் போன்ற நம் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சமைத்த கோழி எலும்பு ஆகியவையும் ஆகாது. எலி மருந்தும் களைக்கொல்லியும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

வீட்டிலே சாதுவான நாய் ஒன்று ஏற்கெனவே இருந்தால், அதுவே புதிய நாய்க்கு நல்ல வாத்தியார். அது நம்மிடம் வாலாட்டி வருவதைப் பார்த்து இதுவும் துணியும்.

இவ்வளவு செய்தாலும் பலன் உண்டா? 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படி மீட்கப்பட்டு வீடுகளில் வளர்க்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைக் கவனித்தது. சாதாரண வீட்டு நாய்களைவிட இவற்றுக்குப் பயமும் வீட்டுக்குள் அசுத்தம் செய்வதும் அதிகம் என்று கண்டார்கள். ஆனால் அந்நியரிடமும் பிற நாய்களிடமும் சீறிப் பாய்வது குறைவாகவே இருந்தது. சில நாய்கள் கடைசி வரை சிறிது கூச்சத்தோடுதான் இருக்கும். அதையும் ஏற்றுக்கொள்ள மனம் வேண்டும்.

தத்து எடுப்பதற்கு முன், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். சிறிய ஜாதி நாய் 12 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடும். விடியற்காலையில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது? பல் பிடுங்கும் செலவு வந்தால் தாங்குமா? உள்ளூர் மன்றத்தின் நாய் உரிமம் எடுக்க வேண்டுமா என்று விசாரித்தீர்களா? பக்கத்து வீட்டிலே மலாய்க் குடும்பம் இருந்தால், நாய் அவர்கள் வாசலுக்குப் போகாதபடி, அவர்கள் மீது உராயாதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை. இவற்றுக்கெல்லாம் விடை இல்லையென்றால், முடியாது என்று சொல்வதே நேர்மை. இரக்கப்பட்டு எடுத்து, பிறகு கயிற்றிலே கட்டி மறந்துவிட்டால், அந்த நாய்க்கு ஒரு கூண்டு போய் இன்னொரு கூண்டு வந்ததாகத்தான் பொருள்.

தேற்றிய நாயை வேறு வீட்டுக்குக் கொடுக்கும் நாளில் பிள்ளைகள் அழுவார்கள். அது விருந்தாளி, நல்ல வீடு கிடைத்ததும் போய்விடும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். அது போனால்தான் அந்த மூலையிலே இன்னொரு நாய்க்கு இடம் கிடைக்கும்.

நாய் வளர்க்க வசதியே இல்லாத குடும்பமும் ஒன்று செய்யலாம். தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காமல் இருக்கலாம். உறவினர் யாராவது வாங்கப் போகிறேன் என்றால், "தாயைப் பார்த்தீர்களா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத வியாபாரியிடம் நம் வெள்ளி போகாவிட்டால், கூண்டுக்குள் இன்னொரு நாயை அடைக்க அவருக்குக் காரணம் குறையும்.