விண்வெளி நிலையத்தின் உடற்கூடும் அம்பத்தூர்ப் பட்டறைகளும்

பொறியியல் நோக்கில் விண்வெளி நிலையம் முதலில் ஓர் அழுத்தக் கலன். உள்ளே கடல்மட்டக் காற்றழுத்தம், வெளியே வெற்றிடம். சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 10 டன் விசை வெளிநோக்கித் தள்ளுகிறது. பாரதிய அந்தரிக்ஷ நிலையத்தின் முதற்பகுதியை இஸ்ரோ 2028-இல் ஏவத் திட்டமிட்டுள்ளது. அதன் விட்டம் 3.8 மீட்டர், ஆகவே ஒரு முனையை மட்டுமே 110 டன்னுக்கு மேற்பட்ட விசை தள்ளும். உருளையின் நீளவாட்டு இணைப்போ சுற்றிணைப்பைப்போல் இருமடங்கு தகைவுக்கு உள்ளாகிறது.

எனவே வடிவமைப்பின் உயிர்நிலை பற்றவைப்பே. அலுமினியம் 660° செல்சியசில் உருகும். அதன்மேற் படியும் ஆக்சைடு உருக 2000°-க்கு மேல் வேண்டும். அப்படலம் இணைப்பினுள் சிக்கினால் விரிசலுக்கு வித்தாகும்.

வணிக நிலையம் அமைக்க முனைந்துள்ள அமெரிக்காவின் ஆக்சியம் நிறுவனமும் உடற்கூட்டைத் தானே செய்யவில்லை. பன்னாட்டு நிலையத்தின் பகுதிகளைக் கட்டிய தாலஸ் அலெனியாவிடம், இத்தாலியின் தூரின் நகரில், ஒப்படைத்தது. பழகிய கையைத் தேடிச் சென்றது என்க.

அத்தகைய கை மேற்குச் சென்னையில் உண்டா? ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1960களிலிருந்து பீரங்கி வண்டிகளைக் கட்டுகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அதே காலத்தது. ஆயினும் தடித்த கவச எஃகை இணைப்பது வேறு. மெல்லிய அலுமினியத் தகட்டைக் கசிவின்றி இணைப்பது வேறு. ஒவ்வோர் இணைப்புக்கும் ஊடுகதிர்ப் படம், ஹீலியம் கசிவுச் சோதனை, பற்றவைத்தவரின் தகுதிச்சான்று ஆகியன வேண்டும். சிறுபட்டறைக்குத் தடையாவது கைத்திறனன்று, இச்சான்றுகளுக்காகும் செலவே எனக் கருத இடமுண்டு.