பழைய சர்வருக்குப் புதிய டிஸ்க்

லேக் மார்க்கெட் பக்கமும் பெஹாலாவிலும் குடியிருக்கும் நம் சங்க அன்பர்கள் சிலர் வீட்டில், அலமாரிக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓசைப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. குடும்பத்தின் போட்டோ, வீடியோ, பாட்டு, பத்திர நகல் எல்லாம் அதில் இருக்கும். வீட்டிலுள்ள மற்ற கம்ப்யூட்டர்களும் செல்போன்களும் வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதற்கு ஃபைல் சர்வர் என்று பெயர். பதினைந்து வருஷத்துக்கு முன் பிள்ளைகள் அமைத்துக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்டார்கள். இப்போது இடம் நிரம்பிவிட்டது. “மாமா, பெரிய டிஸ்க் வாங்கி மாட்டினேன், எடுக்க மாட்டேன் என்கிறது” என்று எனக்குப் போன் வருகிறது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன், எதையும் பிரித்துப் பார்ப்பான் என்று எனக்கு ஒரு பெயர்.

நான் பார்த்தவரை, புது டிஸ்க் கெட்டுப்போயிருப்பது அபூர்வம். கோளாறு அதைச் சுற்றியுள்ள பழைய சாமான்களில்தான் இருக்கும். அவசரப்பட்டு டிஸ்க்கைக் குற்றம் சொல்லி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில்தான், உள்ளே இருப்பதற்கு ஆபத்து வருகிறது.

ஒரு நண்பர் 3 டெராபைட் டிஸ்க் வாங்கி, கையிருப்பில் இருந்த பழைய யூ.எஸ்.பி. டாக்கில் செருகினார். 746 கிகாபைட் என்று காட்டியது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சாந்தினி மார்க்கெட்டுக்குப் புறப்பட்டவரை உட்காரவைத்தேன். அந்த 746 கடைக்காரன் கணக்கல்ல, டாக்கின் கணக்கு.

டிஸ்க்கில் உள்ள இடம் 512 பைட் கொண்ட சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண் இருக்கிறது. பழைய முறையில் அந்த எண்ணை எழுத 32 பிட் மட்டுமே ஒதுக்கினார்கள். 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் அறைக்கு மேல் எண் எழுத வழியில்லை. அதை 512-ஆல் பெருக்கினால் சுமார் 2.2 டெராபைட். அதைத் தாண்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல், எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். மூன்றில் 2.2 போனால் மிச்சம் 0.8, கம்ப்யூட்டர் ஆயிரத்துக்குப் பதில் 1024 வைத்து எண்ணுவதால் அது 746 என்று தெரிகிறது.

இடம் குறைவாகத் தெரிவதோடு போனால் பரவாயில்லை. திரும்பிய மீட்டரை நம்பி எழுத ஆரம்பித்தால், கடைசி அறைக்குப் போகவேண்டியது முதல் அறையில் போய் உட்கார்ந்து, அங்கிருந்ததை அழித்துவிடும். கதவு எண்ணுக்கு 28 பிட் மட்டும் இருந்த நாளில் எல்லை 137 கிகாபைட். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் அந்த எல்லையைத் தாண்டியவர்களுக்கு இதே கதி நேர்ந்தது.

நண்பர் வீட்டில் டாக்கை ஒதுக்கிவிட்டு, டிஸ்க்கை நேராக போர்டில் உள்ள ஸாட்டா முனையில் மாட்டினோம். முழு 3 டெராபைட்டும் தெரிந்தது. அதன்மேல் ஜி.பி.டி. என்னும் புதிய அட்டவணை முறையில் பிரிவு போட்டோம். இதில் கதவு எண்ணுக்கு 64 பிட். பழைய போர்டுகள் இந்த அட்டவணை உள்ள டிஸ்க்கிலிருந்து ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யலாம். அதனால் இயக்கும் சிஸ்டத்தைச் சின்ன டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பெரிய டிஸ்க்கைச் சாமான் வைக்க மட்டும் பயன்படுத்துவது நல்லது. இன்னும் விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் 32 பிட் பதிப்புக்கு ஜி.பி.டி. தெரியாது. அதற்கான ஆதரவும் 2014-லேயே நின்றுவிட்டது.

அடுத்தது மின்சாரம். அரை ஆள் உயரச் சுழல்தட்டு அல்லவே, சின்னதுதானே என்று நினைக்கிறோம். ஆனால் 3.5 அங்குல டிஸ்க் ஒன்று நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்கும்போது 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஓட ஆரம்பித்தபின் அதில் பாதிகூட வேண்டாம். நின்ற கூட்ஸ் வண்டியைக் கிளப்ப என்ஜின் படும் பாடுதான். பழைய டிஸ்க் இரண்டு, புதியது இரண்டு என்று நான்கையும் ஒன்றாக மாட்டினால், ஸ்டார்ட்டாகும் அந்தச் சில நொடிகளில் 8 ஆம்பியர் வேண்டும். பத்துப் பதினைந்து வருஷம் கல்கத்தா வெக்கையில் கிடந்த பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கும். டிஸ்க் ‘டிக் டிக்’ என்று முயன்று காணாமல் போகும். வேறு நல்ல பவர் சப்ளையில் மாட்டிப் பார்க்காமல் டிஸ்க்குக்கு இறப்புச் சான்றிதழ் எழுதாதீர்கள்.

சில டிஸ்க்குகள் சுழலவே சுழலாது, சத்தமும் வராது. ரெடிமேட் வெளிப்பெட்டியிலிருந்து பிரித்து எடுத்தவற்றில் இது அதிகம். புது ஸாட்டா விதிப்படி, பவர் பிளக்கின் மூன்றாவது பின்னுக்கு மின்சாரம் வந்தால் ‘தூங்கு’ என்று அர்த்தம். பழைய சப்ளை அதே பின்னில் 3.3 வோல்ட் தருகிறது. டிஸ்க் உத்தரவுப்படி தூங்குகிறது, பாவம்! அந்தப் பின்மேல் மெல்லிய இன்சுலேஷன் டேப் ஒட்டினால் எழுந்துகொள்ளும்.

டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே வைத்துக்கொள்ளும் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். பல வரிகள் இருந்தாலும் நான் பார்ப்பது மூன்றே. 5-ஆம் எண், பழுதாகி மாற்று இடம் தரப்பட்ட அறைகள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் அறைகள். இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நோயாளி. 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கின்மேல் குற்றமில்லை. தகவல் வழியில் சிதைகிறது. பெரும்பாலும் கேபிள்தான் காரணம், சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. வாங்கும்போது 9-ஆம் எண்ணையும் பாருங்கள்: எத்தனை மணி நேரம் ஓடியது என்பது. “புது மால், தாதா” என்று தந்த டிஸ்க்கில் அது இருபதாயிரத்தைக் காட்டினால், இரண்டு வருஷத்துக்கும் மேல் எங்கோ உழைத்துவிட்டு வந்திருக்கிறது.

மேலே சொன்ன நண்பரின் பழைய டிஸ்க்கில் அவருடைய தாயார் பாடிய ஊஞ்சல் பாட்டுகள் இருந்தன. கேசட் எப்போதோ பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, அம்மா காலமாகிவிட்டார். உலகத்தில் அந்தக் குரல் இருந்தது அந்த சர்வரில் மட்டும். “இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறதே, ஒன்று போனால் இன்னொன்று” என்றார். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக ஓடுபவை. ஒன்றில் தவறி அழித்தால் அந்த நொடியே மற்றதிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் விழும். அதைப் பிரதி என்று சொல்லக்கூடாது.

பலரும் செய்வது, பிம்பத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி நிரப்புவது. அப்போது வயதான டிஸ்க் ஒன்று தன்னந்தனியாக, மணிக்கணக்கில் மூச்சுவிடாமல் படித்துக் கொடுக்கவேண்டும். அது சாய்வதென்றால் அன்றைக்குத்தான் சாயும். ஆகவே முதலில் வேறொரு டிஸ்க்கில் முழு நகல் எடுத்தோம், யூ.பி.எஸ். வைத்து, காலபைசாகி புயல் இல்லாத நாளாகப் பார்த்து. பிறகு இரு பக்கத்து ஃபைல்களையும் செக்சம் என்னும் கூட்டுத்தொகை போட்டு ஒப்பிட்டோம். கேஷியர் இரவில் பணத்தை எண்ணிப் பார்ப்பது போன்றது அது. 63 ஃபைல்களில் தொகை ஒத்துவரவில்லை. கேபிளை மாற்றி அவற்றை மறுபடி நகல் எடுத்தபின் ஒத்தது. அதன் பிறகே பிம்ப வேலையைத் தொட்டோம். இரண்டு புது டிஸ்க்கும் நிரம்பியபின்னும் பழைய அளவே தெரிந்தது. பிம்பத்தையும் ஃபைல் சிஸ்டத்தையும் பெரிதாக்கச் சொல்லித் தனியே கட்டளை தரவேண்டும், அது தானாக நடக்காது.

தொண்ணூறுகளில் டைப் செய்த நிகழ்ச்சி நிரல்கள் சில, புது கம்ப்யூட்டரில் கொச்சகமாகத் தெரிந்தன. நகல் கெட்டுவிட்டதோ என்று நண்பர் பதறினார். அது எழுத்துருக் கோளாறு. அந்நாளில் ஆளுக்கொரு எழுத்துரு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று தரம் வகுத்தபோதும் பழைய ஃபைல்கள் பழையபடியே இருந்தன. மாற்றித் தரும் புரோகிராம்கள் கிடைக்கின்றன. மூல ஃபைலையும் அதன் எழுத்துருவையும் மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கழற்றிய இரண்டு டிஸ்க்குகளில் தேதியும் உள்ளடக்கமும் எழுதி ஒட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டோம். ஒன்று இங்கேயே இருக்கிறது. மற்றது மகள் வந்தபோது பெங்களூருக்குப் போய்விட்டது. பாத்ரோ மாதத்து வெயிலில் பெங்காலி வீடுகளில் பட்டுப் புடவைகளையும் புத்தகங்களையும் வெளியே எடுத்து உலர்த்துகிறார்களே, அந்த நாளில் டப்பாவைத் திறந்து டிஸ்க்கை ஒரு மணி நேரம் ஓட்டி, நாலு ஃபைல் திறந்து பார்க்கவேண்டும் என்று நண்பர் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். முதலில் திறப்பது எந்த ஃபைல் என்று கேட்கவேண்டியதில்லை.