தரகரின்றி வீடு விற்றோம்

பிழைப்பை நாடி மும்பை வந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னும், சொந்த ஊரில் ஒரு வீடு நிற்பது மனத்திற்கு ஆறுதலே. ஆயினும் ஆளில்லாத வீடு ஒவ்வொரு மழைக்கும் சிறிது சரிகிறது. கும்பகோணத்தில் எங்கள் தந்தையார் கட்டிய வீட்டைச் சென்ற ஆண்டு விற்க முடிவு செய்தோம். தரகர் ஒருவர் விலையில் நூற்றுக்கு இரண்டு கேட்டார். அண்ணன் தம்பி இருவரும் கலந்து, நாமே விற்போம் என்று துணிந்தோம். அந்த அனுபவம் நம் அன்பர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் விலை. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு இணையதளத்தில் கிடைக்கிறது. அது முத்திரைத் தீர்வைக்கு உரிய அளவேயன்றிச் சந்தை விலையன்று. ஆகவே அதே தெருவில் அண்மையில் கைமாறிய வீடுகளின் கிரயத்தை அண்டை அயலாரிடம் விசாரித்தோம். வில்லங்கச் சான்றை மும்பையிலிருந்தே பெற்றோம். மூலப்பத்திரம், பட்டா, வீட்டுவரி ரசீது ஆகியவற்றைத் திரட்டி, வாசலில் பலகையும் நாளிதழில் வரி விளம்பரமும் வைத்தோம்.

அடுத்த தெரு ஆசிரியர் ஒருவர் வாங்க வந்தார். காகிதங்களைப் பொறுமையாகப் படித்தவர், "வாரிசுச் சான்றில் உங்கள் தங்கையார் பெயரும் உள்ளதே, அவர் எப்போது வருவார்?" என்று கேட்டார். நாங்கள் தலைகுனிந்தோம். சீர் செய்து அனுப்பிவிட்டோம், அத்துடன் முடிந்தது என்றே எண்ணியிருந்தோம். தந்தையார் தம் உழைப்பில் கட்டி, உயில் எழுதாது மறைந்த வீடு அது. அன்னையாரும் இன்று இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. தங்கை கேளாதிருந்தது அவள் பெருந்தன்மை. நாங்கள் கேளாதிருந்தது எங்கள் பிழை.

நாகபுரிக்குச் சென்று அவளிடம் சொன்னோம். பதிவு நாளன்று அவளும் வந்து கையொப்பமிட்டாள். மூன்றில் ஒரு பங்கு அவள் வங்கிக் கணக்கில் சேர்ந்தது.

பணம் பெறுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாகப் பெற வருமானவரிச் சட்டம் இடம் தராது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆயின், வாங்குவோர் நூற்றுக்கு ஒன்று வரியாகப் பிடித்துச் செலுத்துவர். நேரில் செல்ல இயலாதார் நம்பிக்கையானவருக்கு அதிகாரப் பத்திரம் அளிக்கலாம். ஆனால் அதிகாரப் பத்திரத்தால் மட்டும் உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. கிரயப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்ட நான்கு மாதங்களுக்குள் பதிவுக்கு அளிக்க வேண்டும். பத்திரத்தை வழக்கறிஞர் ஒருவர் பார்ப்பதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவன்று.

தரகுத் தொகை மிஞ்சியது உண்மை. எனினும் தரகர் செய்யும் அலைச்சல் முழுதும் எங்களுடையதாயிற்று. மூன்று முறை ஊர் சென்று வந்தோம். வீடு விற்க எண்ணும் அன்பர்கள், வாங்குவோரைத் தேடும் முன் உடன்பிறந்தாள் வீட்டிற்கு ஒருமுறை சென்று வருவார்களாக.